அறுபத்தாறாம் வருஷத்துக் கோல்

ஏப்ரல் 9, செவ்வாய்

கமிட்டிக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. போயிருந்தால் மாட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். இன்று காலை மருந்துக் கடையைத் திறந்து கம்ப்யூட்டருக்கு உயிர் வருவதற்குள் நோலீன் ஹான்லன் வந்து நின்றாள், கையில் மூன்று அட்டைப்பெட்டிகளோடு. ஆறடி உயரம், கோதுமை விவசாயி, யாரம்பி ஃபுட்பால் கிளப்பின் தலைவி. இருமல் மருந்துகளை முழங்கையால் ஒதுக்கிப் பெட்டிகளைக் கவுன்ட்டரில் இறக்கிவைத்தாள்.

"வாழ்த்துகள் ஷென். நேத்து ராத்திரி எல்லாரும் ஒருமனசா உன்னைத் தேர்ந்தெடுத்துட்டோம்."

"எதுக்கு?"

"கிளப்போட நூற்றாண்டுப் புத்தகம் எழுத. ஆகஸ்ட் மூணாம் தேதி விழா. அதுக்குள்ள அச்சாகி வந்துரணும்."

இந்த ஊருக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்றேன். "அதான் வேணும்" என்றாள். "உனக்கு இங்க அண்ணன் தம்பி, மாமன் மச்சான் யாரும் இல்ல. நீ எதை எழுதினாலும் யார் வீட்டுக் கிறிஸ்மஸ் விருந்தும் கெடாது. அதோட, மருந்து டப்பா மேல நீ எழுதுற எழுத்துதான் இந்த ஊர்ல புரியுது."

கோவில்பட்டி அம்மன் பெயரை எனக்கு ஆசையாக வைத்தார் அப்பா. செண்பகவல்லி. அது இங்கே வந்த முதல் நாளே ஷென் ஆகிவிட்டது. இப்போது ஷென் சரித்திர ஆசிரியையும் ஆகிவிட்டாள். கடை முதலாளியம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வரும்வரை ஏழு மாதம் மாத்திரை எண்ணிக் கொடுக்கத்தான் மெல்பர்னிலிருந்து இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன்.

பெட்டிகளில் கிளப்பின் பழைய பதிவேடுகளும் எலிப் புழுக்கையும் இருந்தன. கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடவை பெருக்கினேன்.

ஏப்ரல் 13, சனி

முதல் முறையாக ஒரு ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார். ஹாக்கிக்காகக் கடையை அடைத்துவிட்டுப் போகிற ஊர்க்காரர் அவர். இங்கே மைதானம் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. பெரிய முட்டை மாதிரி. பந்தும் முட்டை மாதிரி. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். உதைக்கலாம், குத்தலாம், எதிராளி தோளில் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பிடிக்கலாம். பிடித்தால் கைதட்டுகிறார்கள். யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை.

இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கவாட்டில் போனால் ஒரு புள்ளி. கம்பத்தடியில் நிற்கும் நடுவர் ஒரு புள்ளிக்கு ஒரு வெள்ளைக் கொடியும், கோலுக்கு இரண்டு கொடியும் அசைக்கிறார். "பந்து நடுவுல போனாலும், கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி எதிராளி விரல் நுனி பட்டுட்டா ஒரே புள்ளிதான். அது முக்கியம், எழுதிக்கோ" என்றாள் நோலீன். எழுதிக்கொண்டேன்.

யாரம்பி தொண்ணூற்றொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இறைச்சி அடைத்த சூடான பேஸ்ட்ரி ஒன்று கொடுத்தார்கள். நாக்கு வெந்துபோனது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. சேமியா பாயசம் வைத்தேன். இரண்டு நாளைக்கு வரும்.

ஊரிலிருந்து கோமதி அக்கா வழக்கம்போல ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள். "என்னட்டி, வருசப்பிறப்புக்குக் குளிச்சியா? மாப்பிள்ளை எங்க? குடு, ரெண்டு வார்த்தை பேசுதேன்."

பெர்த் பக்கம் சுரங்கத்தில் வேலைக்குப் போயிருக்கிறார், ஷிஃப்ட், டவர் கிடைக்காது என்று சொன்னேன்.

"நல்ல நாளும் அதுவுமா ஷிஃப்டா?" என்றாள். பிறகு மாங்காய்ப் பச்சடி பற்றிப் பேசினோம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மூன்று பெட்டிகளையும் முடித்துவிட்டேன். நூறு வருஷத்தில் இந்தக் கிளப் கோப்பை வென்றது ஒரே ஒரு தடவை, 1966-ல். மற்ற தொண்ணூற்றொன்பது வருஷத்தையும் தோல்வி, வறட்சி, வெட்டுக்கிளி, மறுபடி தோல்வி என்று நான்கு பக்கத்தில் முடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் நான்கு வருஷம் ஆடவில்லை. அந்த நான்கு வருஷம்தான் தோற்கவில்லை.

ஆனால் அறுபத்தாறு பற்றி யாரைக் கேட்டாலும் கண் பளபளக்கிறது. இறுதி ஆட்டம், எதிரணி கெட்டில் க்ரீக், இருபது மைல் தள்ளி இருந்த ஊர். அவர்கள் அறுபத்தொன்பது, நாம் அறுபத்தைந்து. (நாம் என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.) சங்கு ஊதுவதற்கு ஒரு நொடி முன்னால் டெஸ் ஹான்லன் பந்தைப் பிடித்தான். அப்படிப் பிடித்தவனுக்கு, சங்கு ஊதினாலும் ஒரு உதை உண்டு. ஐம்பது கஜம். ஊரே மூச்சை அடக்கி நிற்கிறது. உதைத்தான். இரண்டு கொடி. எழுபத்தொன்று.

அன்று டெஸ்ஸுக்கு வயது இருபத்தொன்று. இன்று எழுபத்தொன்பது. நோலீனின் அப்பா அவர். மைதானத்து இருக்கைகளுக்கு ஹான்லன் ஸ்டாண்ட் என்று பெயர். மதுக்கடைச் சுவரில் அந்த உதையின் படம், சாமி படம் மாதிரி விளக்குப் போட்டு மாட்டியிருக்கிறது. புத்தக அட்டையிலும் அதுதான் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது.

மெல்பர்னிலிருந்து நீளமான கவர் ஒன்று வந்தது. பிரிக்கவில்லை. மைக்ரோவேவ் மேல் வைத்திருக்கிறேன்.

மே 2, வியாழன்

வியாழக்கிழமைகளில் முதியோர் இல்லத்துக்கு வாராந்திர மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோகிறேன். ஏழாம் அறையில் மெர்வ் பிரெவிட் என்று ஒருவர், எண்பத்தொரு வயது, சக்கர நாற்காலி. மடியில் நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய போர்வை. நான் அட்டையை மேஜையில் வைத்ததும் கேட்டார்:

"நீதான புத்தகம் எழுதுற? அறுபத்தாறைப் பத்தி என்ன எழுதப்போற?"

"டெஸ் கோல் போட்டதைத்தான்."

வலது கையின் நடுவிரலை உயர்த்திக் காட்டினார். இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பதால் திடுக்கிட்டேன். "இதுல பட்டுச்சு" என்றார். "நான் கெட்டில் க்ரீக் தடுப்பாளி. கோட்டு மேல நின்னு எகிறினேன். பட்டுச்சு. அது கோல் இல்ல. நாங்கதான் ஜெயிச்சோம்."

வெளியே வந்ததும் நர்ஸ் சிரித்தாள். "விரல் மெர்வ் உனக்கும் சொல்லிட்டாரா? அம்பத்தெட்டு வருஷமா சொல்றாரு."

விரல் மெர்வ் என்றுதான் ஊரில் பெயராம். கெட்டில் க்ரீக்கில் இப்போது பள்ளி இல்லை, கடை இல்லை. கிளப்பும் தொண்ணூற்றெட்டில் மூடிப்போனது. அதனால்தான் அவர் கடைசியில் யாரம்பி இல்லத்துக்கு வரவேண்டியதாயிற்று. அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஹான்லன் ஸ்டாண்ட் தெரிகிறது. அறையை மாற்றித் தரலாமே என்றேன். "கேட்டோம். மாட்டேன்னுட்டாரு" என்றாள் நர்ஸ்.

மே 14, செவ்வாய்

டெஸ்ஸைப் பேட்டி எடுக்க மூன்றாவது முயற்சி. முதல் தடவை ஆடு குட்டி போடுகிறது என்றார். இரண்டாவது தடவை பல் வலி. இன்று ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர், நான் நோட்டை எடுத்ததும் மாத்திரையையே விட்டுவிட்டுப் போய்விட்டார். சாமி படத்தில் இருப்பவருக்கு என்ன கூச்சமோ.

மே 19, ஞாயிறு

அக்கா. "மாப்பிள்ளை வந்தாரா?" ஷிஃப்ட் என்றேன். முருங்கைக்காய் இங்கே கிடைக்காது என்றும் சொன்னேன். இரண்டில் ஒன்று நிஜம்.

மே 28, செவ்வாய்

குளிர். யாரம்பி தோல்வி. இரண்டாவது கவர்.

ஜூன் 6, வியாழன்

மெர்வ் இப்போது வாரா வாரம் எனக்காக ஒரு நாற்காலியைத் தயாராக வைத்திருக்கிறார். விரல் கதை முடிந்தது. மற்ற கதைகள் வருகின்றன. அவரும் டெஸ்ஸும் அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஒன்றாக ஆட்டுரோமம் கத்தரித்தவர்களாம். ஒரே கூட்டம், ஒரே லாரி, ஒரே கூடாரம். ஆட்டம் முடிந்த மறுவாரம் மெர்வ் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். இருபத்துநாலு வயதில் பந்தை உதைப்பதையே நிறுத்திவிட்டார். எங்கே போனாலும் பார்வையாளர்கள் விரலைக் காட்டிக் கத்தினார்களாம்.

"அதுக்கப்புறம் டெஸ்கிட்டப் பேசலையா?"

"என்ன பேச? அவன் ஜெயிச்சவன். நான் பொய்யன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

ஜூன் 12, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி, மழை, கடையில் யாரும் இல்லை. டெஸ் வந்தார். தொப்பியைக் கழற்றி, ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்து கையை நீட்டினார். பட்டையைச் சுற்றினேன். நூற்று எண்பத்திரண்டு.

"டெஸ், இது ரொம்ப அதிகம். மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடுறேன். புத்தகம் எப்போ அச்சுக்குப் போகுது?"

"ஜூலை பதினஞ்சு."

பட்டை கையிலேயே இருந்தது. கழற்றச் சொல்லவில்லை அவர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பந்து சுத்துற விதம் ஒண்ணு இருக்கு ஷென். என் காலை விட்டுப் போனா பின்னாடி பின்னாடி ஒரே மாதிரிதான் சுத்தும். அன்னிக்குக் கோட்டுக்கு மேல போனப்ப அது ஒரு குலுங்கு குலுங்குச்சு. பக்கவாட்டுல திரும்புச்சு. நான் பார்த்தேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"நடுவருக்கு எதிர் வெயில். அந்த மனுசன் மேல தப்பில்ல. ரெண்டு கொடி அசைஞ்சதும் என்னைத் தூக்கிட்டாங்க. எங்கம்மா அழுதுட்டிருந்தா. மேலேருந்து பார்த்தேன், மெர்வ் நடுவர்கிட்ட விரலைக் காட்டிக் கத்திட்டிருந்தான். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மறுநாள் ஊர்வலம் வச்சுட்டாங்க. சரி, அடுத்த வாரம் சொல்லுவோம்னு இருந்தேன். அப்புறம் கல்யாணம். அப்புறம் அந்த ஸ்டாண்டுக்குப் பேரு வச்சாங்க. ஒவ்வொரு வருசமும் போகப்போக சொல்றதுக்கு இன்னும் பெரிசாயிட்டே போச்சு."

"இப்ப ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"நீ எழுதப்போறியே. அச்சுல வந்துட்டா, நான் செத்தப்புறமும் அது பொய் சொல்லிட்டே இருக்கும்."

மறுபடி அழுத்தம் பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. மருத்துவ ரீதியாக இது எதையும் நிரூபிக்காது.

ஏனோ இன்று கடையை அரை மணி முன்னாலேயே மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து மைக்ரோவேவைத் துடைத்தேன். மேலே இருந்ததை எடுத்து, துடைத்து, திருப்பி வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா. "மாப்பிள்ளை எங்கட்டி?" குளித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். ஷிஃப்ட் என்று சொல்ல மறந்துவிட்டது. "இந்நேரத்துலயா?" என்றாள். அவள் குரலில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வியர்த்தது, இந்தக் குளிரில்.

ஜூன் 20, வியாழன்

முதலில் மெர்விடம் நேரில் சொல்ல வேண்டும், புத்தகமெல்லாம் பிறகு என்றேன் டெஸ்ஸிடம். தனியாகப் போகமாட்டேன் என்றார். மாத்திரை அட்டைகளோடு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். சவரம் செய்து, டை கட்டியிருந்தார். பாதி வழியில் டையைக் கழற்றிப் பையில் திணித்தார்.

ஏழாம் அறை வாசலில் டெஸ்ஸைப் பார்த்ததும் மெர்வ் டிவியை அணைத்தார்.

"மெர்வ்."

"டெஸ்."

"உன் விரல்ல பட்டுச்சு. நான் பார்த்தேன்."

அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வருஷம், ஐந்தே வார்த்தையில் முடிந்துவிட்டது. மெர்வ் பாய்ந்து வந்து கட்டிக்கொள்வார் என்றோ, கையில் இருப்பதை எறிவார் என்றோ நினைத்திருந்தேன். அவர் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய போ" என்றார் கடைசியில். சத்தமாக இல்லை.

திரும்பும்போது டெஸ் டையைப் பையிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே வந்தார். அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "அவன் சொன்னது நியாயம்தான்" என்றார்.

ஜூன் 27, வியாழன்

பயந்துகொண்டேதான் போனேன். நாற்காலி தயாராக இருந்தது.

"அன்னிக்கு உன்னையும் சேர்த்துத் துரத்திட்டேன். மன்னிச்சுக்கோ" என்றார் மெர்வ்.

பரவாயில்லை என்றேன். கோபமா என்று கேட்டேன்.

"கோபந்தான். ஆனா அதில்ல விஷயம்." பிஸ்கட் டப்பாவைத் திறந்தார், மூடினார். "எத்தனை வருஷம் எத்தனை பேரு இல்லைன்னு சொன்னாங்க தெரியுமா? என் பொண்டாட்டியே, விட்டுத்தொலை மெர்வ்னு சொல்லுவா. ஒரு பத்து வருஷமா எனக்கே சந்தேகம். காலையில எந்திரிச்சு விரலைப் பார்ப்பேன். பட்டுச்சா? இல்ல, பட்டுதுன்னு நானா நெனச்சுக்கிட்டேனா? வாயில மட்டும் பட்டுச்சு பட்டுச்சுன்னு சொல்லிட்டிருந்தேன். உள்ளுக்குள்ள, நான் பொய்யன்தான் போலன்னு முடிவே பண்ணிட்டேன்."

நான் மாத்திரை அட்டையில் கிழமைகளைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அவன் கோப்பையை எடுத்துட்டுப் போனான், போகட்டும். என் விரலையில்ல எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார் மெர்வ். "அடுத்த வாரம் அவனை மறுபடி கூட்டிட்டு வா. இன்னும் திட்டவேண்டியது பாக்கி இருக்கு."

ஜூலை 3, புதன்

டெஸ் மகளிடம் சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்கே நோலீனின் லாரி கடை வாசலில் நடைபாதை மேல் ஏறி நின்றது.

"உன்னை எதுக்கு எழுதச் சொன்னோம்? கொண்டாடத்தான. இருக்கிறதே ஒரே ஒரு கோப்பை, ஷென்! அதையும் பிடுங்கிட்டா எங்ககிட்ட என்ன இருக்கு? வெட்டுக்கிளியா?"

"உங்கப்பா சொன்னதை..."

"அவருக்கு எழுபத்தொன்பது வயசு. ரத்த அழுத்தம். என்னத்தையோ உளறுறாரு. அதை விட்டுட்டு எழுது."

விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அதில் பழக்கமும் உண்டு. "முடியாது நோலீன். வேணும்னா வேற யாரையாவது வச்சு எழுதிக்கோங்க. பெட்டியெல்லாம் துடைச்சு வச்சிருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். மூட்டுவலித் தைலம் மூன்று பாட்டில் கீழே விழுந்தது. ஒன்று உடைந்தது. நாள் முழுக்கக் கடையில் யூகலிப்டஸ் வாசனை. வந்தவர்கள் எல்லோரும் மூக்கடைப்பு விட்டதாகச் சொன்னார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

நோலீன் தன் ஆஸ்துமா மருந்துக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகிறாளாம். தபால்காரம்மா சொன்னாள். பேக்கரியில் இரண்டு பேர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. மூன்றாவது ஆள் கூடுதலாக ஒரு பன் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று கணக்குப் பிடிக்க முடியவில்லை.

ஜூலை 11, வியாழன்

டெஸ், மெர்வ், மூன்றாவது சந்திப்பு. நான் மாத்திரைகளை அடுக்கினேன். அவர்கள் கத்தினார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, எல்லாம் சரியா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஜூலை 13, சனி

யாரம்பி ஜெயித்தது! நான்கு புள்ளியில். குதித்ததில் என் செருப்பு வார் அறுந்துபோனது. பக்கத்தில் நின்றவர் யாரென்றுகூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டேன். பார்த்தால் நோலீன். இருவரும் ஒரு அடி விலகினோம்.

மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு, "நேத்து ஏழாம் நம்பர் அறைக்குப் போயிருந்தேன்" என்றாள். "அந்த மனுசனை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சின்ன வயசுல நாங்க எல்லாரும் அவர் காருக்குப் பின்னாடி விரலைக் காட்டிட்டு ஓடுவோம். நான்தான் முன்னாடி ஓடுவேன். டெஸ் ஹான்லன் பொண்ணில்லையா."

அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அவர் என்னைத் திட்டவே இல்ல ஷென். பிஸ்கட் குடுத்தாரு." மூக்கை உறிஞ்சினாள். "எழுது. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நான் படிக்கணும்."

ஜூலை 15, திங்கள்

படித்தாள். தன் பாட்டனார் பெயரில் ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினாள். அட்டைப் படத்தை மாற்றவில்லை. ஆனால் வெட்டாமல் முழுப் படத்தையும் போடச் சொன்னாள். முழுதாகப் போட்டதும் தெரிந்தது: படத்தின் ஓரத்தில், இதுவரை வெட்டப்பட்டிருந்த இடத்தில், கோட்டின் மேல் எகிறி நிற்கும் ஒரு ஆள். பட்டதா இல்லையா என்று படத்தில் தெரியவில்லை. ஆனால் ஆள் இருக்கிறார்.

ஆகஸ்ட் 3, சனி

நல்ல வெயில். நானூறு பேர் இருக்கும். இந்த ஊரில் அத்தனை பேர் கிடையாது, எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். மத்தியானம் பெரிய ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மைதானத்தின் நடுவில் மைக் வைத்தார்கள். டெஸ்ஸை ஹான்லன் ஸ்டாண்டிலிருந்து கைதட்டி இறக்கிக் கொண்டுவந்தார்கள். கையில் தாள் எதுவும் இல்லை.

"அறுபத்தாறுல நான் உதைச்ச பந்து மெர்வ் பிரெவிட் விரல்ல பட்டுச்சு. அது கோல் இல்ல. எனக்கு அப்பவே தெரியும், சொல்லல. கெட்டில் க்ரீக்தான் ஜெயிச்சது. மெர்வ் ஒருநாளும் பொய் சொன்னதில்ல."

ஒரு குழந்தை அழுதது. கம்பத்தின் மேல் இளஞ்சிவப்புக் கிளிகள் கத்தின. பின் வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், நிஜமான துக்கத்தோடு: "அப்போ நம்மகிட்ட ஒரு கோப்பைகூடக் கிடையாதா?"

கிளப்பின் பெண்கள் அணி ஆடும் நெட்பால் கோர்ட் பக்கத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "எங்ககிட்ட பதினொண்ணு இருக்குடா! என்னிக்காவது கேட்டீங்களா?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பிறகு சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது. எல்லோரும் சிரிக்கவில்லை. இரண்டு குடும்பம் சாப்பிடாமல் காரெடுத்துக்கொண்டு போனது. மதுக்கடைக்காரர் ஆட்டம் முடியும்வரை டெஸ் பக்கம் திரும்பவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், புத்தகம்தான் அச்சாகிவிட்டதே.

1966-ல் கோப்பையோடு கிளப்புக்குக் கிடைத்த வெற்றிக் கொடியை எடுத்துக்கொண்டு நோலீன் மெர்வின் சக்கர நாற்காலிக்குப் போனாள். வாங்க வேண்டிய கிளப் இப்போது இல்லை. இருப்பது அவர் ஒருவர்தான். மடியில் நீல வெள்ளைப் போர்வை மேல் அதை மடித்து வைத்தாள். அவர் காதில் என்னவோ சொன்னாள். காருக்குப் பின்னால் ஓடியதைப் பற்றித்தான் இருக்கும். மைக்கை அவர் வாயருகே பிடித்தாள்.

மெர்வ் நிறையப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஐம்பத்தெட்டு வருஷச் சரக்கு இருக்கிறதே.

"பட்டுச்சு" என்றார். மைக்கைத் தள்ளிவிட்டார்.

டெஸ் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எழுபத்தொன்பது வயதில் புல்லில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சுலபமில்லை. ஆட்டம் முடிந்தபின் மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதுவரை இருவரும் ஆட்டத்தைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள். யாரம்பி தோற்றது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ராத்திரி ஒன்பது மணிக்கு மைக்ரோவேவ் மேலிருந்த கவர்களை எடுத்துப் பிரித்தேன். மூன்றாகியிருந்தன. மூன்றிலும் ஒரே காகிதம்தான். என் கணவரின் வக்கீலுக்குப் பொறுமை அதிகம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். போட்டேன். நான்கு இடம்.

பத்து மணிக்கு அக்கா. "சாப்ட்டியாட்டி? மாப்பிள்ளை எங்க?"

"இல்லக்கா."

"ஷிஃப்டா?"

"இல்ல. இங்க இல்ல. பிப்ரவரியில இருந்தே இல்ல. எங்களுக்குள்ள முடிஞ்சு போச்சுக்கா. அவருக்கு வேற... எல்லாம் முடிஞ்சு போச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அக்கா அதை அணைக்கப் போனாள். திரும்பி வந்தாள்.

"தெரியும்ட்டி" என்றாள். "மாசி மாசமே அவரு எனக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் வாராவாரம் மாப்பிள்ளை எங்கன்னு கேட்ட?"

"நானா எப்படிட்டி ஆரம்பிக்க? நீ சொல்லாததை நான் சொன்னா உனக்குக் கூசும்ல. கேட்டுக்கிட்டே இருந்தா என்னிக்காவது ஒருநாள் சொல்லுவேன்னு கேட்டேன். நீ என்னடான்னா குளிக்காரு, தூங்குதாரு, சுரங்கத்துக்குள்ள இருக்காருங்கே. ஒருநாளு எனக்குச் சிரிப்பே வந்துட்டு. ஃபோனை வச்சுட்டுத்தான் அழுதேன்."

பிறகும் அவளே பேசினாள். நெட்பால்காரிகள் எங்கள் கோர்ட்டுக்கு வா என்று கூப்பிட்டதையும், கடை முதலாளியம்மா இன்னும் ஒரு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டதையும் நடுவில் எப்படியோ சொல்லிவிட்டேன். "இருக்கியா?" என்றாள். இருக்கிறேன் என்றேன்.

"சரி, இப்பச் சொல்லு" என்றாள். "அவரு சொன்னதை நான் கேட்டுட்டேன். நீ சொல்லு. முதல்ல இருந்து."

ஆரம்பித்தேன். இந்த ஊர் டவர் எப்போதும் மோசம். இரண்டு தடவை லைன் அறுந்தது. இரண்டு தடவையும் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.